மேலாளர் போனைப் பிழைக்க வைத்தவர்

"தாவோன் அண்ணே, ஊத்துறதை நிறுத்துங்க! கிண்ணத்துல ஐயாவோட போன் கிடக்கு!"

கணக்குப் பிரிவு பானிதா கத்தியது தாவோனுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் அவர் முட்டி போட்டுக்கொண்டு, மேலாளர் நோராசெட்டின் கூப்பிய கைகளில் பன்னீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாழ்த்து பாதியில் இருந்தது. 'நீண்ட ஆயுளும்' வரைக்கும் வந்தாகிவிட்டது. 'நிறைந்த செல்வமும்' இன்னும் பாக்கி. பெரியவர்கள் கையில் பன்னீர் ஊற்றி வாழ்த்துகிற தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரானும் அதுவுமாக மேலதிகாரியின் செல்வத்தைப் பாதியில் நிறுத்துகிற ஊழியனை எங்கள் ரோய் எட் ஊரில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. தாவோன் செல்வத்தையும் ஊற்றி, கூடவே ஆரோக்கியத்தையும் ஊற்றி, குவளை காலியான பிறகுதான் குனிந்து பார்த்தார்.

வெள்ளிக் கிண்ணத்தின் அடியில், ரோஜா இதழ்களுக்கும் மல்லிகைக்கும் நடுவே போன் மல்லாந்து கிடந்தது. திரை ஒரு தடவை மினுங்கி அணைந்தது.

நடந்தது இவ்வளவுதான். தாவோன் ஊற்ற ஆரம்பித்ததும், அவர் தலையில் நாலு சொட்டு நீர் தெளித்து ஆசி சொல்ல மேலாளர் முன்னால் குனிந்தார். நீலப்பூச் சட்டையின் பையில் இருந்த போன் நழுவிக் கிண்ணத்துக்குள் போனது. ஆனால் வரிசையில் நின்ற அரிசி ஆலை ஊழியர்கள் ஆளுக்கொன்றைப் பார்த்திருந்தார்கள். தாவோன் கொடுத்த மாலையின் குஞ்சம் மாட்டி இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றார் ஒருவர். தாவோன் அளவுக்கு மீறிப் பணிந்ததால்தான் மேலாளர் அளவுக்கு மீறிக் குனிய வேண்டி வந்தது என்றார் இன்னொருவர்.

மேலாளர் மட்டும் பதறவில்லை. போனை இரண்டு விரலால் எடுத்து உதறினார். ஒட்டியிருந்த மல்லிகையைக் கிள்ளிப் போட்டார். தாவோனைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவாயில்ல, தாவோன்."

தாவோன் காலிக் குவளையோடு முட்டியிலேயே பின்னுக்கு நகர்ந்தார்.

சடங்கு முடிந்ததும் கிடங்குக்குப் பின்னால் இந்த 'பரவாயில்ல' மேல் விசாரணை நடந்தது. எடைமேடை வாத்தானா தலைமை வகித்தான்.

"எப்படிச் சொன்னாரு? இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா?"

"சாதாரணமாத்தான் சொன்னாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"பல்லு தெரிஞ்சுதா?"

தாவோன் கொஞ்சம் யோசித்தார். "தெரிஞ்சுது."

"அப்ப முடிஞ்சுதுண்ணே. போன மழைக்கு கிடங்குல நெல்லு நனைஞ்சப்போ சுபோட்டைப் பார்த்து இப்படித்தான் பல்லு தெரியச் சிரிச்சாரு. சுபோட் இப்ப எங்க?"

"எங்க?"

"ஊர்ல தவளை வளர்க்குறான்."

தாவோனுக்குத் தவளை என்றாலே அருவருப்பு. அதைவிடப் பெரிய விஷயம், ஆலையில் துணை மேலாளர் நாற்காலி காலியாக இருந்தது. பண்டிகை விடுமுறை முடிந்ததும் அதில் யார் உட்காருவது என்று மேலாளர் அறிவிப்பார். போட்டியில் இருந்தது இரண்டே பேர்: நெல் கொள்முதலில் பல வருஷமாகத் தேய்ந்த தாவோன், நேற்று வந்ததுபோல இருக்கும் பானிதா. அந்த நாற்காலிக்காகத் தாவோன் மேலாளருடைய மாமியார் சாவுக்குப் போய்ச் சொந்த மருமகனைவிட அதிகமாக அழுதிருக்கிறார். அத்தனை கண்ணீரும் இப்போது ஒரு கிண்ணம் பன்னீரில் கரைந்துபோகும் போலிருந்தது.

பானிதா பக்கத்தில் வந்தாள். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? நானா இருந்தா அந்தப் போனைத் தொடவே மாட்டேன். அவருதான் பரவாயில்லன்னுட்டாரே. விட்டுருங்க."

தாவோன் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஆகா, நம்மைச் சும்மா இருக்க வைத்துவிட்டு நாற்காலியைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். நேராக மேலாளர் அறைக்கு நடந்தார்.

"ஐயா, போனை என்கிட்டக் குடுங்க. சரி பண்ணிக் கொண்டாந்துடுறேன்."

"வேணாம் தாவோன். பண்டிகை நேரம். போய்ப் பொண்டாட்டி பிள்ளைகளோட இரு."

எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. அதைக் கேட்டு நகர்ந்துவிடுகிறவன் வளர்ப்பு சரியில்லாதவன்.

"குடுங்கய்யா. என் மனசு கேக்கல."

"அட, வேணாங்கிறேன்ல."

இரண்டாவது 'வேண்டாம்' நம்முடைய சிரமத்தை நினைத்துச் சொல்வது. தாவோன் கண் கலங்கினார்.

"ஐயா, நீங்க குடுக்கலைன்னா நான் இந்த அறையை விட்டு நகர மாட்டேன்."

"வேணாம்னா வேணாம், தாவோன்!"

மூன்றாவது 'வேண்டாம்' சத்தமாக வந்ததால், மேலாளர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று தாவோன் எடுத்துக்கொண்டார். மேசை மேல் கிடந்த போனை இரண்டு கையாலும் எடுத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு வெளியேறினார். மேலாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த பிரிவு ஆட்கள் வாழ்த்துச் சொல்ல மாலையோடு நுழைந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மனைவி ராம்பையின் முடி உலர்த்தியை எடுத்தார். அதை 'அதிகச் சூடு' என்கிற இடத்தில் திருப்பி வைத்து, கை வலிக்கிற வரைக்கும் காட்டினார். தண்ணீர் வெளியே வரவில்லை. போனின் பின்மூடி பசை விட்டு ஒரு மூலையில் தூக்கிக்கொண்டது.

வாத்தானாவுக்குப் போன் அடித்தார். "டேய், பின்பக்கம் பிளந்துக்கிச்சுடா."

"சூடு காட்டினீங்களா? யாராச்சும் சூடு காட்டுவாங்களா? நம்ம என்ன ஆலைண்ணே?"

"அரிசி ஆலை."

"அப்புறம்? அரிசிக்குள்ள புதைச்சு வைங்க. ஈரத்தை இழுத்துடும்."

அரிசியிலேயே வாழ்நாளைக் கழித்த தாவோனுக்கு இது தோன்றாமல் போனதில் ஒரே வெட்கம். ஆனால் எந்த அரிசி? அரிசி ஆலைக்காரனிடம் இந்தக் கேள்வி எளிதில் முடியாது. மல்லிகை அரிசியா, உடைந்த அரிசியா, புது அறுவடையா, பழசா என்று ஆலையின் அரட்டைக் குழுவில் வாதம் கிளம்பியது. புது அரிசியிலேயே ஈரம் இருக்கும், அது எப்படி இழுக்கும் என்று ஒருவர் கேட்டார். மேலாளருடைய போனுக்கு உடைந்த அரிசியா என்று இன்னொருவர் கோபித்தார். கடைசியில் வாத்தானா தீர்ப்புச் சொன்னான்: ஒட்டரிசிதான் எதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

தாவோன் ஒரு அகலப் பாத்திரம் நிறைய ஒட்டரிசியைக் கொட்டி, போனை நடுவில் புதைத்து, மேலே அரிசியை நிரவி, அடுப்பு மேடையில் வைத்தார். புத்தர் படத்தின் முன்னால் ஊதுவத்தி ஒன்று கொளுத்தினார். பிறகு நிம்மதியாகப் படுத்தார். அதை ராம்பையிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

காலையில் சமையலறையிலிருந்து ராம்பை பாடுகிற சத்தம் கேட்டது. தாவோன் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்.

"என்ன, காலங்காத்தால குஷியா இருக்க?"

"இருக்காதா பின்னே? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா நீங்களா அரிசி எடுத்து வச்சிருக்கீங்க. பார்த்ததும் கண்ணே கலங்கிடுச்சு. பண்டிகைக்கு விருந்தாளி வருவாங்கன்னு நிறையவே எடுத்து வச்சிருந்தீங்க."

தாவோன் மேடையைப் பார்த்தார். பாத்திரம் விளிம்பு வரைக்கும் தண்ணீரில் நின்றது.

"தண்ணி ஊத்துனியா?"

"ஒட்டரிசியை ராத்திரியே ஊற வைக்காம பின்ன எப்படி வேக வைக்கிறது? படுக்கப் போறதுக்கு முன்னாடி நான்தான் ஊத்தி வச்சேன்."

தாவோன் முழங்கை வரைக்கும் கையை விட்டார். ராம்பை ஒட்டரிசி அவிக்கிற மூங்கில் கூடையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அவரையே வியப்போடு பார்த்தாள். வெளியே வந்த போனின் துளையெல்லாம் அரிசி. சார்ஜ் போடுகிற வாயில் புகுந்த அரிசி ஊறிப் பருத்து, நன்றாக உட்கார்ந்துகொண்டிருந்தது.

"அய்யய்யோ, இது யாரோடது?"

"என் வேலையோடது!" என்று கத்தினார் தாவோன்.

ராம்பை நல்லவள். அவள் உடனே தையல் ஊசி எடுத்து வந்து குத்தினாள். அரிசி வெளியே வரவில்லை, ஊசியின் நுனி உள்ளே போனது.

இனி மருத்துவரிடம்தான் போக வேண்டும். பண்டிகை முதல் நாள் என்பதால் ஊரில் எல்லா போன் கடையும் மூடிக் கிடந்தது. சந்தைக்குப் பின்னால் சுதின் கடை மட்டும் திறந்திருப்பதாக வாத்தானா சொன்னான். தெருவெல்லாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் தண்ணீர் ஊற்றுகிற சோங்க்ரான் நாளில்தான் அவனுக்கு அறுவடையே.

தாவோன் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். அன்றைக்குத் தெருவில் காய்ந்த உடம்போடு யாரும் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பை இருக்கிறதே என்ற தைரியம். முதல் முனையில் ஒரு பாட்டம் வாளித் தண்ணீர். இரண்டாவது முனையில் பெண்கள் கூட்டம் வழிமறித்து, கன்னத்தில் வெள்ளை மாவு பூசி, "நல்லா இருங்கண்ணே" என்று முதுகில் ஊற்றியது. வாழ்த்துகிறவர்களிடம் கோபப்படவும் முடியாது. தாவோன் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொன்னார்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு வண்டி நின்றது. அதன் மேல் நின்றவன் ஐஸ் மிதக்கும் பீப்பாயிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் முகந்தான்.

"தம்பி, வேணாம்! போன் இருக்கு! மேலாளர் போன்!"

"பைக்குள்ளதானே இருக்குண்ணே? புத்தாண்டு வாழ்த்து!"

பை நல்ல பைதான், தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் அவசரத்தில் தாவோன் அதன் வாயை மூடவில்லை. உள்ளே போன தண்ணீரை அது ஒரு சொட்டுகூட வெளியே விடவுமில்லை.

சுதின் கடையில் கூட்டம் முட்டியது. செத்த போன்கள் மேசை முழுக்கப் பரவிக் கிடந்தன. சுதின் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"என்னண்ணே, மீனை விட்டுட்டு வெறும் தண்ணியை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"உள்ள போன் இருக்குப்பா. பிழைக்குமா?"

சுதின் போனை எடுத்து முகர்ந்தான். "மல்லிகை வாசனை வருது." திறந்தான். "அரிசி." இன்னும் திறந்தான். "ஊசி." மூக்கை உறிஞ்சினான். "கொஞ்சம் மீன்சாறும் ஊத்திக் கொண்டாந்திருந்தீங்கன்னா இங்கேயே சாப்பாட்டை முடிச்சிருக்கலாம். இதைப் புதைச்சிடுங்க."

"அப்படிச் சொல்லாத தம்பி. என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அதோ அந்தக்கா வாழ்க்கையும் இங்கதான் இருக்கு, அவங்க புருஷன் வாழ்க்கை வேற போன்ல இருக்கு."

தாவோன் கெஞ்சினார். மாமியார் சாவில் அழுத அதே குரலை எடுத்தார். கடையில் இருந்தவர்களே தங்கள் வரிசையை விட்டுக்கொடுத்து, "முதல்ல இவரைப் பாருப்பா" என்றார்கள். அந்தக்கா கைக்குட்டைகூடக் கொடுத்தாள். சுதினுக்கு வேறு வழியில்லை. பிரித்தான், மருந்துத் தண்ணீரில் கழுவினான், இடுக்கியால் அரிசியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். நாலு பிணத்திலிருந்து ஆளுக்கொரு உறுப்பு எடுத்து இதில் வைத்தான். இவ்வளவுக்கும் நடுவில், ரோய் எட்டிலேயே தன்னைவிட்டால் ஆளில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மதியம் சாய்கிற நேரத்துக்குத் திரை எரிந்தது. ஓரமெல்லாம் பச்சையாக இருந்தாலும் எரிந்தது. கடையே கைதட்டியது. தாவோன் சுதினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார்.

"ஒண்ணுண்ணே," என்றான் சுதின். "காதுல வச்சுப் பேசுற ஒலி போயிடுச்சு. யார் பேசினாலும் ஊருக்கே கேக்கும்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் தாவோன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாங்காக்கில் இருக்கும் பெரியம்மா. எங்கள் ஆலையோடு சேர்த்து ஐந்து ஆலைகளுக்குச் சொந்தக்காரி; ஆலையில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். அவர் குரலைத் தாவோன் இதுவரை மேலாளர் அறைக் கதவு வழியாகத்தான் கேட்டிருக்கிறார்.

"நோராசெட்!"

"அ... அம்மா, வணக்கம். நான் தாவோன். கொள்முதல் பிரிவு."

"போன் தண்ணில விழுந்து செத்துப்போச்சுன்னு ஆலையில சொன்னாங்களே?"

"செத்துதாம்மா போச்சு. நான் உயிர் குடுத்துட்டேன்."

கடையில் எல்லோரும் தலையாட்டி ஆமோதித்தார்கள்.

"நல்ல பிள்ளை. நோராசெட் எங்க?"

"வீட்டுலதாம்மா இருக்காரு."

"என்ன பண்றான்?"

ஒரு விடுமுறை நாளில் மேலாளர் என்ன செய்வார் என்று தாவோனுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் முதலாளியிடம் தெரியாது என்று சொல்லக் கூடாது.

"சும்மாதாம்மா இருக்காரு."

"சும்மா இருக்கானா! இங்க கோயில்ல பண்டிகைக்கு மணல் கோபுரம் கட்டணும், பந்தல் போடணும், பிக்குகளுக்குச் சாப்பாடு தூக்கணும், ஆளே இல்லாம நான் தவிக்கிறேன். போன வருஷம் கிளம்புற நேரத்துல அவனுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் பாதி வழியில கார் நின்னுபோச்சு. பாவம், வரணும்னு அவனுக்கு ரொம்ப ஆசை, ஒவ்வொரு தடவையும் எதாவது வந்து தடுத்துடுது."

தாவோனுக்கு மேலாளர் மேல் அளவு கடந்த இரக்கம் வந்தது. இப்படிப்பட்ட மனிதரை இந்த வருஷம் ஒரு போன் தடுக்கப் பார்த்ததே!

"இந்தத் தடவை ஒண்ணும் தடுக்காதும்மா. இப்பவே போய்ச் சொல்றேன். உடனே கிளம்பிடுவாரு. பண்டிகை முடியிற வரைக்கும் அங்கதான் இருப்பாரு. நான் பொறுப்பு."

வழியில் ஒரு மாலை வாங்கினார். மூன்று பைகளுக்குள் போனை வைத்து, சட்டைக்குள் திணித்துக்கொண்டு மேலாளர் வீட்டுக்குப் பறந்தார்.

வாசலில் கார் நின்றது. ஓட்டுநர் கம்சிங் பின்பக்கம் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார். மேலாளர் அரைக்கால் சட்டையோடு, ரப்பர் செருப்போடு, ஆலையில் யாரும் பார்த்தறியாத லேசான முகத்தோடு சீட்டியடித்தபடி வெளியே வந்தார். தாவோனைப் பார்த்ததும் சீட்டி நின்றது.

தாவோன் முட்டி போட்டார். போனின் மேல் மாலையைச் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"ஐயா, பிழைச்சிடுச்சு."

மேலாளர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கவில்லை.

"இது... எரியுதே."

"எரியுதுங்கய்யா! பேசவும் பேசுது. பெரியம்மாவே கூப்பிட்டாங்க. நான்தான் எடுத்தேன்."

"எடுத்தியா?"

"நீங்க சும்மாதான் இருக்கீங்கன்னு சொல்லிட்டேன். உடனே கிளம்பிடுவீங்கன்னும் சொல்லிட்டேன். மணல் கோபுரம், பந்தல், எல்லாத்துக்கும் கடைசி வரைக்கும் கூட இருப்பீங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன். ஐயா கவலையே படாதீங்க."

மேலாளர் சிரித்தார். இந்தத் தடவை கடைவாய்த் தங்கப்பல் வரைக்கும் தெரிந்தது. அதற்குள் போன் மாலைக்குள்ளிருந்து அடித்தது; தாவோனே அதைத் தட்டி எடுத்தும் விட்டார். பெரியம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"நோராசெட், கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேம்மா," என்றார் மேலாளர். "இதோ, இதோ." தாவோனைப் பார்த்தார். "தாவோனும் வர்றாம்மா. மணல் சுமக்க நல்ல ஆளு. தானாவே முன்வந்து எல்லாம் செய்யிறவன்."

பேசி முடித்துவிட்டு உடை மாற்ற உள்ளே போனார்.

தாவோன் தன் போனை எடுத்து ராம்பைக்கு அடித்தார். "ராம்பை! ஐயா என்னை அவரோட கார்லயே பாங்காக்குக்குக் கூட்டிட்டுப் போறாரு! பெரியம்மாகிட்ட என்னைப் பத்தி எவ்வளவு உசத்தியாச் சொன்னாரு தெரியுமா? துணை மேலாளர் நாற்காலி நமக்குத்தான்!"

"விருந்தாளிங்க வந்து உக்காந்திருக்காங்களே, நான் என்ன சொல்ல?"

"துணை மேலாளர் வெளியூர் போயிருக்காருன்னு சொல்லு."

அவர் போனை வைத்தபோது, கம்சிங் காரிலிருந்து தூண்டில்களையும் ஐஸ் பெட்டியையும் மடக்கு நாற்காலியையும் திரும்ப இறக்கி, சுவரோரம் தொப் தொப்பென்று போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய விடுமுறையும் சேர்ந்து போயிருந்தது. ஆனால் தாவோனுடைய சந்தோஷத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"ஏண்ணே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? நம்ம ஐயாவோட நல்ல நேரம்னு நினைங்க. எதிர்பாராம நடந்ததுக்கு யார் என்ன பண்ண முடியும், போன் தவறி விழுந்துச்சு, நல்லவேளை நான் பக்கத்துல இருந்தேன்."

கம்சிங் கடைசித் தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினார்.

"தவறி விழுந்துச்சா? முந்தாநாள் பூரா என் முன்னாடி கிண்ணத்தை வச்சுக்கிட்டு, நாலு சட்டை மாத்தி மாத்திப் போட்டுக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாருய்யா, அந்த நீலப்பூச் சட்டையிலதான் ஒரே குனியல்ல நேரா உள்ள விழுந்துச்சு!"